குக்கிக்கு அடியில் இருக்கிற இரும்பு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டிருக்கின்றன.)

போன வாரம் எபிசோட் வரல, மன்னிச்சுக்கோங்க. காரணம் ஆபீஸ் ரிலீஸ் இல்ல, நம்புங்க. ஒரு குக்கி.

நீங்களும் அந்த வீடியோவைப் பாத்திருப்பீங்க. கனமான ஒரு கறுப்பு இரும்புச் சட்டி. அதுல தட்டு சைஸுக்கு ஒரே ஒரு ராட்சச சாக்லேட் சிப் குக்கி. ஸ்பூனால நடுவுல வெட்டினா உள்ள ஒளிச்சு வெச்ச சாக்லேட் அப்படியே வழிஞ்சு வரும். மேல ஒரு ஐஸ்கிரீம் உருண்டை. ராத்திரி ஒரு மணிக்கு பெங்களூர் பி.ஜி.ல படுத்துக்கிட்டு அதைப் பாத்தேன். அந்த வேகத்துல 10 இன்ச் வார்ப்பிரும்பு ஸ்கில்லெட் ஒண்ணு ஆர்டர் பண்ணிட்டேன். பி.ஜி.ல சமைக்க விடமாட்டாங்க, அதனால டெலிவரி அட்ரஸ் ஊருக்கு. அரூர் பக்கம் எங்க கிராமம், தர்மபுரி மாவட்டம்.

அந்த வாரக்கடைசி ஊருக்குப் போனா, பெட்டி கூடத்துல கெடக்கு. ஆயா அதைத் தூக்கிப் பாத்துட்டு, "ஏன் கண்ணு, இவ்ளோ கனமா இருக்கு, இதுக்கா இம்புட்டு ரூவா குடுத்த?"ன்னு கேட்டுச்சு. விலையைப் பாதியா கொறைச்சுச் சொன்னேன். அதுக்கே திட்டு விழுந்துச்சு.

அடுத்த பிரச்சனை, வீட்ல ஓவன் கிடையாது. யூடியூப் சொல்ற மாதிரி பெரிய அண்டால மணலைக் கொட்டி, மேல ஒரு இரும்பு வளையம் வெச்சு, சட்டியை உள்ள இறக்கி மூடலாம்னு பிளான். ஆனா ஸ்கில்லெட்டுக்கு நீளமா ஒரு கைப்பிடி இருக்கே, அண்டாக்குள்ள போகவே இல்ல. கைப்பிடி வெளிய நீட்டிக்கிட்டு இருக்க, மூடி ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. பத்து நிமிஷம் என்னையும் அண்டாவையும் வேடிக்கை பாத்த ஆயா, பரண்ல இருந்து வேற ஒரு சட்டியை எடுத்துக் குடுத்துச்சு. தட்டையான அடி, தூக்கின ஓரம், ரெண்டு பக்கமும் சின்னக் காது. ஆயா கடலை வறுக்கிற சட்டி. கல்யாணமாகி வந்த புதுசுல சந்தையில ஒரு கொல்லர்கிட்ட வாங்கினதாம். அடியைத் தடவிப் பாத்தா சுத்தியல் தடம் இன்னும் கைக்குத் தட்டுப்படுது.

ரெண்டு சட்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தப்பதான் இந்த எபிசோட் தோணுச்சு. ஒண்ணு டென்னசி மாநிலத்துல வார்த்தது, ஒண்ணு அரூர் பக்கம் அடிச்சது. வார்த்த சட்டியோட பெட்டியில கம்பெனி வரலாறே அச்சடிச்சிருக்கு: ஜோசப் லாட்ஜ், 1896, சவுத் பிட்ஸ்பர்க். அடிச்ச சட்டிக்கு அப்படி எந்த வரலாறும் இல்ல. அதை வித்தவர் பேரு ஆயாவுக்கும் ஞாபகம் இல்ல.

முதல்ல குக்கி கதையை முடிச்சுடறேன். அது சின்னது, அதுக்கு ஓனர் யாருன்னும் எல்லாருக்கும் தெரியும்.

சாக்லேட் சிப் குக்கிக்குப் பிறந்த ஊர் இருக்கு, அம்மாவும் இருக்காங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம், விட்மன்னு ஒரு ஊர். ரூத் வேக்ஃபீல்டும் அவர் கணவரும் 1930ல அங்க ஒரு பழைய வீட்டை வாங்கி 'டோல் ஹவுஸ் இன்'னு உணவகம் நடத்தினாங்க. ஒருநாள் வேற சாக்லேட் தீந்துபோய், இருந்ததை ஒடைச்சுப் போட்டாங்க, அது கரையாம அங்கங்க துண்டா நின்னுடுச்சு, அப்படித்தான் தற்செயலா இந்த குக்கி பிறந்ததுன்னு ஒரு கதை சுத்தும். எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. ரூத் முறையா மனையியல் படிச்சவங்க, சமையல் புத்தகம் எழுதினவங்க. அடுப்புல எது கரையும் எது கரையாதுன்னு தெரியாம மாவுல கை வெச்சிருப்பாங்களா? ஒரு பொண்ணு யோசிச்சுக் கண்டுபிடிச்சதை 'அதிர்ஷ்டம்'னு மாத்திச் சொல்றது நாம எல்லா ஊர்லயும் பாக்கிறதுதான்.

1938ல வந்த அவங்க புத்தகப் பதிப்புல அந்த ரெசிப்பி இருக்கு. அடுத்த வருஷம் நெஸ்லேகூட ஒப்பந்தம். பாக்கெட் மேல ரெசிப்பியை அச்சடிச்சுக்கலாம், பதிலுக்கு 1 டாலரும் வாழ்நாள் முழுக்க சாக்லேட்டும்னு சொல்வாங்க. அதுவரைக்கும் கட்டியா வித்துக்கிட்டிருந்த சாக்லேட் 1939லதான் குட்டிக் குட்டி 'சிப்'பா பாக்கெட்ல வந்துச்சு. இரண்டாம் உலகப் போர்ல சிப்பாய்களுக்கு வீட்லருந்து இந்த குக்கியை அனுப்பப் போய் அது நாடு முழுக்கப் பரவிச்சு. அந்தச் சிப்பாய்கள்ல பாதிப் பேருக்கு ரூத் பேரு தெரிஞ்சிருக்காது. ஆனா பாக்கெட்ல 'டோல் ஹவுஸ்' பேரு நின்னுச்சு. 1983ல ஒரு அமெரிக்க நீதிமன்றம், 'டோல் ஹவுஸ்' இனிமே யாரோட தனிச் சொத்தும் இல்ல, அது ஒரு வகை குக்கிக்கான பொதுப்பேரு ஆயிடுச்சுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. கோர்ட்டுக்குப் போற அளவுக்காவது அந்தப் பேருக்கு மதிப்பு இருந்துச்சு, அதைக் குறிச்சுக்கோங்க.

இந்த ராட்சச சட்டி வடிவம் அப்புறம் வந்தது. அமெரிக்க பீட்சா ரெஸ்டாரன்ட்கள்ல பீட்சா தட்டுல குக்கியை வேகவெச்சு, சூடா ஐஸ்கிரீமோட குடுத்தாங்க. அங்கருந்து அது வீட்டு வார்ப்பிரும்புச் சட்டிக்கு வந்துச்சு.

நம்ம ஊர்ல இந்த மாதிரி எதுவுமே இல்லையான்னு கேட்டா, இருக்கு. பேக்கரிக்குப் போய் தேங்காய் பன் கேளுங்க. வட்டமா பெருசா இருக்கும், உள்ள தேங்காயும் சர்க்கரையும் டுட்டி ஃப்ரூட்டியும். கேக் மாதிரி முக்கோணமா வெட்டிக் குடுப்பாங்க. பெங்களூர் பேக்கரிகள்ல அதுக்கு ஒண்ணுவிட்ட தம்பி தில் பசந்த். தர்மபுரில பாதி பேக்கரி போர்டுல 'பெங்களூர்' இருக்கும், 'அய்யங்கார்' இருக்கும். ஹைவேல போனா ரெண்டரை மணி நேரம்தானே. வீட்ல செய்றதுன்னா ஒப்பட்டு இருக்கு. உள்ள கடலைப்பருப்பும் வெல்லமும், வெளிய மாவு, இரும்புக் கல்லுல போட்டு எடுத்தா முடிஞ்சது. ஸ்டஃப் பண்ணி இரும்புல சுடறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. ஓவன் மட்டும்தான் வீட்டுக்குள்ள வரல.

சரி, மாவைப் பிசையலாம். என் கணக்கு: மைதா 300 கிராம், வெண்ணெய் 200, நாட்டுச் சர்க்கரை 150, வெள்ளைச் சர்க்கரை 70, ஒரு முழு முட்டை, கூட ஒரு மஞ்சள் கரு, ஆப்பசோடா அரை டீஸ்பூன், உப்பு, ஒடைச்ச சாக்லேட் 200. அமெரிக்க ரெசிப்பில 'பிரவுன் சுகர்'னு வரும் இடத்துல நான் நாட்டுச் சர்க்கரைதான் போட்டேன். பழுப்புச் சர்க்கரைல இருக்கிற கரும்புப்பாகு ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், அதனால குக்கி மொறுமொறுன்னு ஆகாம மெத்துனு இருக்கும். அந்த வேலையை நாட்டுச் சர்க்கரை நல்லாவே செய்யுது.

இங்கதான் தர்மபுரி முதல்முறையா கதைக்குள்ள வருது. தர்மபுரிக்குப் பழைய பேரு தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியோட ஊர். நெல்லிக்கனி கதை எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுடலாம். புறநானூறு 99ஆம் பாட்டுல ஔவையார் அதியமானைப் பாராட்டும்போது, அவனோட முன்னோர்கள் கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டு வந்தவங்கன்னு சொல்றாங்க. அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடின 392ஆம் பாட்டுலயும் அதே சேதி வருது. நிஜமாவே எங்கருந்தோ கரும்பு நாத்து வந்துச்சா, இல்ல குலப்பெருமைக்காகச் சொன்னாங்களா, அது தனி விவாதம். எனக்குப் பிடிச்ச விஷயம், ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே ஒரு பயிரைக் கொண்டு வந்ததை போர்ல ஜெயிச்சதுக்குச் சமமான புகழா நினைச்சிருக்காங்க. கரும்புக்கு ஒரு பேரு நின்னுடுச்சு. ராஜா பேருதான், இருந்தாலும் ஒரு பேரு.

சாக்லேட்டுக்கும் ஒரு வரி சொல்லிடறேன். இந்தியாவுல கோகோ முதல்ல வேர் பிடிச்ச இடம் நம்ம குற்றாலம். 1798ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரங்க நட்டது. இன்னைக்கு பொள்ளாச்சி தென்னந்தோப்புகள்ல ஊடுபயிரா நிக்குது.

இப்ப அந்த இரும்பு.

வார்ப்பிரும்புச் சட்டியைப் பத்தி நெட்ல எல்லாரும் 'சூடு நல்லாக் கடத்தும்'னு எழுதறாங்க. தப்பு. அலுமினியம் வார்ப்பிரும்பைவிட நாலு மடங்குக்கு மேல வேகமா சூட்டைக் கடத்தும். வார்ப்பிரும்போட பலம் அதோட எடை. ரெண்டு கிலோ இரும்பு மெதுவா சூடாகும், மெதுவா ஆறும். நம்ம பாஷைல சொன்னா லேட்டன்சி ஜாஸ்தி, ஆனா பஃபர் பெருசு. அடுப்பை அணைச்ச பிறகும் பத்து நிமிஷம் சட்டி குக்கியை வேகவெச்சுக்கிட்டே இருக்கும். அதனாலதான் ஓரம் கெட்டியாகி நடு இன்னும் ஆடிக்கிட்டு இருக்கும்போதே வெளிய எடுத்துடணும். நடு வெந்துடுச்சுன்னு தோணுற நேரத்துல எடுத்தீங்கன்னா லேட்.

ஆயாவோட சட்டி மெல்லிசு. நான் இதையெல்லாம் யோசிக்காம மணலை ரெண்டு இன்ச் மட்டும் போட்டு, தீயை ஏத்தி வெச்சேன். முதல் குக்கி அடி கரியாயிடுச்சு, மேல பச்சை மாவு. உள்ள வெச்ச சாக்லேட் ஒரு பக்கமா ஓட்டை போட்டு வெளிய வந்து தீஞ்சு, வீடு முழுக்கப் புகை. அம்மா வெளிய வந்து நின்னுட்டாங்க. 200 கிராம் வெண்ணெய் போச்சு.

ஏன் ரெண்டு சட்டியும் இவ்ளோ வேற மாதிரி நடந்துக்குது? அங்கதான் வரலாறு இருக்கு.

இரும்புல கார்பன் எவ்வளவு இருக்குங்கிறதுலதான் எல்லாமே. கிட்டத்தட்ட கார்பனே இல்லாத தூய இரும்பு 1538 டிகிரிலதான் உருகும். பழைய உலை எதுவும் அந்தச் சூட்டைத் தொடல. அதனால நம்ம ஊர் உலையில இரும்பு உருகி ஓடாது, அதோட இருந்த கசடுதான் உருகி ஓடும். மிச்சம் ஒரு பஞ்சு மாதிரி கட்டி கிடைக்கும். அதைச் சுத்தியலால அடிச்சு அடிச்சு மீதிக் கசடை வெளிய தள்ளினா அடிச்ச இரும்பு. கார்பன் 3, 4 சதவீதத்துக்கு ஏறினா இரும்பு 1200 டிகிரி பக்கத்துலயே உருகித் தண்ணியா ஓடும், அச்சுல ஊத்தலாம். அதுதான் வார்ப்பிரும்பு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது எஃகு.

அடிச்ச இரும்புலயும் எஃகுலயும் நம்ம பகுதிக்கு ரொம்பப் பழைய பரிச்சயம். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறைல கிடைச்ச இரும்பின் காலம் கி.மு. 2172ன்னு 2022 மே மாசம் சட்டசபைல அறிவிச்சாங்க. கிருஷ்ணகிரி 2004 வரைக்கும் தர்மபுரி மாவட்டம்தான், அதனால நாங்களும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்குவோம். அப்புறம் 2025 ஜனவரில தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை இன்னும் ஆயிரம் வருஷம் பின்னால தள்ளிடுச்சு. காலக்கணக்கைப் பத்தி ஆய்வாளர்களுக்குள்ள விவாதம் ஓடுது, ஓடட்டும்.

நான் சொல்ல வர்றது அவ்ளோ பழசு இல்ல. 200 வருஷம் முன்னாடி நடந்தது.

எங்க ஊருக்குப் பக்கத்துல தீர்த்தமலை இருக்கு. பாறைல இருந்து தீர்த்தம் விழும், கோயில் இருக்கு, சின்ன வயசுல படி ஏறி மூச்சு வாங்கினது ஞாபகம் இருக்கு. அது ஒரு இரும்பு மலைன்னு எனக்கு யாரும் சொன்னதே இல்ல. 1864ல இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் அன்றைய சேலம் மாவட்டத்தைப் பத்தி எழுதின அறிக்கைல, காந்தப்பாறை உள்ள மலைத்தொகுதிகள்ல ஒண்ணா தீர்த்தமலையைச் சேத்திருக்காங்க. கஞ்சமலை, கோதுமலைகூட இதுவும். பல்லாவரத்துல கற்கோடாரி கண்டுபிடிச்ச அதே ஃபூட்தான். இந்தப் பக்கத்து ஓடை மணல்ல ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்க, கறுப்பா மீசை முளைக்கும்.

இந்தக் கனிமத்தை உருக்கினவங்களைப் பத்தி விவரமா எழுதினவர் ஜோசையா மார்ஷல் ஹீத். சேலத்துல கம்பெனி உத்தியோகத்துல இருந்தவர். 1839ல ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி இதழ்ல அவர் கட்டுரை வந்துச்சு. நாலஞ்சு அடி உயர மண் உலை. ஆட்டுத்தோல் துருத்தி ரெண்டு, அதுக்கு மூங்கில் மூக்கு. ஒரு துருத்தி விடும்போது இன்னொண்ணு இழுக்கும், காத்து நிக்கவே கூடாது. மூணு நாலு மணி நேரம் கரியும் கனிமமும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே இருப்பாங்க.

அப்படிக் கிடைச்ச இரும்பை எஃகாக்குற முறைதான் என்னைப் பிடிச்சு உக்கார வெச்சது. சின்ன மண் குப்பி. அதுக்குள்ள இரும்புத் துண்டு, கூட காய்ஞ்ச ஆவாரங்குச்சி, மேல எருக்க இலை ஒண்ணு ரெண்டு. வாயைக் களிமண்ணால அடைச்சு, காயவெச்சு, இப்படி 20, 24 குப்பியை உலைக்குள்ள வளைவா அடுக்கி, ரெண்டரை மணி நேரம் ஊதுவாங்க. குச்சியும் இலையும் கரியாகி, அந்தக் கார்பனை இரும்பு உறிஞ்சிக்கும். குப்பியை ஒடைச்சா உள்ள எஃகு வில்லை. (சிரிப்பு) ஸ்டஃப் பண்ணி, சீல் பண்ணி, பேக் பண்றது. இதுக்கு முன்னாடி என் குக்கி ஒண்ணுமே இல்ல.

அந்த எஃகுக்கு ஐரோப்பால 'வூட்ஸ்'னு பேரு. கன்னடத்துல உக்கு, தமிழ்ல உருக்கு, அதுதான் அங்க போய்த் திரிஞ்சுடுச்சுன்னு சொல்வாங்க. 1795லயே லண்டன் ராயல் சொசைட்டில ஜார்ஜ் பியர்சன் இதைப் பத்திக் கட்டுரை படிச்சார். 1819ல இதோட ரகசியத்தைத் தேடி ஆராய்ச்சி பண்ணினவர் மைக்கேல் ஃபாரடே. மின்சாரப் பாடத்துல வர்ற அதே ஃபாரடே. அவர் அப்பா ஒரு கொல்லர்.

ஹீத் என்ன பண்ணார்? உத்தியோகத்தை விட்டுட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சார். நிஜமா அப்படித்தான். சேலம் கனிமம், ஐரோப்பிய ஊதுலை, கம்பெனி அரசாங்கத்தோட தனி அனுமதி, 1830ல பரங்கிப்பேட்டைல தொழிற்சாலை, 1833ல லண்டன்ல முதலீடு திரட்டின ஒரு கம்பெனி. ஆனா கணக்கு உதைச்சது. கனிமம் 150 கிலோமீட்டருக்கு மேல உள்நாட்டுல இருக்கு, உலை கடலோரத்துல. அதைவிடப் பெரிய சிக்கல் எரிபொருள். இவங்களுக்கு மரக்கரி மட்டும்தான். சுத்துவட்டாரக் காடு காலியாகக் காலியாக் கரி இன்னும் தூரத்துல இருந்து வரணும்.

அதே நேரம் இங்கிலாந்துல இரும்பு நிலக்கரில வெந்துக்கிட்டிருந்தது. அதைத் தொடங்கி வெச்சது என்னன்னு தெரியுமா? சமையல் சட்டி! ஆபிரகாம் டார்பிங்கிறவர் 1707ல மணல் அச்சுல இரும்புப் பானை வார்க்கிற முறைக்குப் பேட்டன்ட் வாங்கினார். மலிவாப் பானை வார்க்கணும்னா மலிவா இரும்பு வேணும். அதுக்காக 1709ல கோல்புரூக்டேல்ங்கிற ஊர்ல மரக்கரிக்குப் பதிலா கோக், அதாவது சுட்ட நிலக்கரி, போட்டு உருக்கினார். பள்ளிக்கூடத்துல தொழிற்புரட்சின்னு படிச்சது, அதுல ஒரு நூல் ஏழை வீட்டு அடுப்புப் பானைல இருந்து ஆரம்பிக்குது. என் ஸ்கில்லெட் அந்தப் பானையோட பேரன்.

நூறு வருஷம் கழிச்சு அந்த மலிவு இரும்பு கப்பலேறி மதராஸுக்கு வந்துச்சு. பரங்கிப்பேட்டைத் தொழிற்சாலை கை மாறி, பேரு மாறி, 1870கள் நடுவுக்குள்ள கதையே முடிஞ்சது. ஹீத் அதுக்கு முன்னாடியே இங்கிலாந்து போய், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேத்தா தரம் ஏறும்னு கண்டுபிடிச்சு 1839ல பேட்டன்ட் வாங்கினார். ஷெஃபீல்டுல எஃகு செலவு அதனாலயே இறங்குச்சு. ஆனா அவர்கூட வேலை செஞ்ச அன்வின்ங்கிறவர் முறையை லேசா மாத்தி, பணம் கட்டாமப் பயன்படுத்த வழி கண்டுபிடிச்சுட்டார். கேஸ் வருஷக்கணக்கா ஓடி, ஹீத் செத்த பிறகு 1855ல பிரபுக்கள் சபைல அன்வின் பக்கம் தீர்ப்பாச்சு. பேட்டன்ட் சட்டம் எழுதறவங்க இன்னைக்கும் இந்தக் கேஸைப் பேசறாங்க. பாவம் ஹீத்தான். ஆனா எனக்கு அவருக்காக ரொம்ப நேரம் வருத்தப்பட முடியல.

ஏன்னா ஆவாரங்குச்சி, எருக்க இலை கணக்குக்கு யாரும் பேட்டன்ட் வாங்கல. அதை லண்டன் இதழ்ல எழுதினா எழுதினவருக்குப் பேரு. ஆராய்ச்சி பண்ணா ஃபாரடேக்குப் பேரு. சோர்ஸ் கோட் முழுக்க ஓப்பன், காமிட் பண்ணவங்க பேரு மட்டும் ஹிஸ்டரில இல்ல. நான் ஆபீஸ்ல ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி எடுத்துப் போடும்போது லைசன்ஸ் ஃபைலையும் சேத்துப் போடணும், இல்லன்னா லீகல் டீம்ல இருந்து மெயில் வரும். இவங்களுக்கு அந்த ஒரு ஃபைல்கூடக் கிடையாது.

உலைக்காரங்க என்ன ஆனாங்க? ரெண்டு பக்கமும் அடி. சந்தைக்கு வந்த சீமை இரும்புப் பட்டை இவங்க இரும்பைவிட மலிவு. கொல்லருக்கு வேலையும் சுலபம், அடிச்சுக் கசடு எடுக்க வேண்டாம். இன்னொரு பக்கம் 1882ல மதராஸ் வனச் சட்டம். கரி சுடறவங்க தலைமுறையா போய் வந்த காடு 'ரிசர்வ்' ஆச்சு. கரி இல்லாம உலை இல்ல. அதுக்கப்புறம் கொல்லர் இருந்தாங்க, உருக்குறவங்க இல்ல. அதனால ஆயா சட்டியைத் தீர்த்தமலை இரும்புன்னு நான் கதை விட மாட்டேன். ஆயா கல்யாணம் ஆகுறதுக்கு ரொம்ப முன்னாடியே உலை அணைஞ்சு போச்சு. அந்தக் கொல்லர் வாங்கினது பழைய இரும்புத் தகடாத்தான் இருக்கும். பின்னால சேலத்துல பெரிய உருக்காலை வந்துச்சு, 1970ல அடிக்கல், 1982ல உற்பத்தி. கஞ்சமலை கண்ணுக்கு எதிர்லயே நிக்குது. ஆனா ஆலை கஞ்சமலையை உருக்கல, வெளியில இருந்து வந்த எஃகுச் சுருளை உருட்டித் தகடாக்கித்தான் ஆரம்பிச்சது.

பேரு விஷயம் எனக்கு ஏன் இவ்ளோ உறுத்துதுன்னா, இது பேரை மறக்கிற ஊர் இல்ல. தர்மபுரி அகழ்வைப்பகத்துக்குப் போங்க, நடுகற்கள் வரிசையா நிக்கும். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பேரு, ஊர், அப்ப ஆண்ட ராஜா, எல்லாம் கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க. தென்பெண்ணைக்கு அந்தப் பக்கம் செங்கம் வட்டாரத்துல எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்க கிடைச்ச மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லுல எஜமானுக்காகக் கள்ளனைக் கடிச்சு நின்ன நாயோட பேரு இருக்கு: கோவிவன். நாய்க்கு! 1400 வருஷமா அந்தப் பேரு நிக்குது. அந்தக் கல்லை வெட்டின உளியை உருக்கினவனுக்குப் பேரு இல்ல.

சரி, குக்கிக்கு வர்றேன்.

ரெண்டாவது தடவை, ஆயா மேற்பார்வைல. மணல் நாலு இன்ச். தீ சிம்முக்குக் கொஞ்சம் மேல. அண்டாவை மூடி இருபது நிமிஷம் முன்னாடியே சூடாக்கினோம். சாக்லேட் ஸ்ப்ரெட்டை ஒரு தட்டுல வட்டமாத் தடவி ஃப்ரீசர்ல கல்லாக்கி வெச்சிருந்தேன். பாதி மாவு அடில, ஓரத்துல ஒரு இன்ச் விட்டு அந்த வில்லை, மேல மீதி மாவு, சுத்தி விரலால அழுத்தி ஒட்டணும். இந்த ஓரம் முக்கியம், இங்க ஒரு விரிசல் விட்டாக்கூட உள்ள இருக்கிறது ஓடிடும். ஒப்பட்டுல பூரணம் வெளிய வராம மூடற கை ஆயாவுக்கு இருக்கு. "தள்ளு நானு மூடறேன்"னு வாங்கி மூடிடுச்சு. நாப்பது நிமிஷம் ஆச்சு. ஓவன்ல 175 டிகிரின்னா இருபத்தஞ்சு முப்பது போதும்.

சட்டில எண்ணெய் தடவும்போது இன்னொரு பாட்டு ஞாபகம் வந்துச்சு. புறநானூறு 95. ஔவையார் தூது போய், தொண்டைமானோட ஆயுதக் கொட்டாரத்தைப் பாக்கறாங்க. அவன் ஆயுதமெல்லாம் மயில்பீலி சுத்தி, எண்ணெய் பூசிப் பளபளன்னு அரண்மனைல இருக்கு. எங்க அதியமானோடது நுனி ஒடைஞ்சு கொல்லன் பட்டறைல கிடக்குன்னு சொல்றாங்க. புகழ்ற மாதிரி ஒரு குத்து. என் ஸ்கில்லெட் தொண்டைமான் கட்சி. எண்ணெய் பூசி, துணி சுத்தி, பி.ஜி. அலமாரில இருக்கு. ஆயா சட்டி தினம் அடுப்புல, துரு பிடிக்க நேரமே இல்ல.

வெட்டினப்ப சாக்லேட் வழிஞ்சுச்சு. அந்த ரீல் அளவுக்கு இல்ல, ஆனா வழிஞ்சுச்சு. அம்மா ரெண்டு துண்டு. ஆயா ஒரு துண்டு எடுத்து, ஓரத்தை மட்டும் கடிச்சுட்டு, "இனிப்பு தூக்கலா இருக்கு கண்ணு, அடுத்த வாட்டி மைதாவைக் கொறைச்சுட்டு கேவுரு மாவு போடு"ன்னு சொல்லுச்சு. எங்க மாவட்டத்துல ரேஷன்ல அரிசில 2 கிலோவுக்குப் பதிலா கேழ்வரகு குடுக்கறாங்க, அதனால மாவு எப்பவும் வீட்ல இருக்கும். போட்டுப் பாத்தேன். கால் பங்கு வரைக்கும் தாங்குது. அதுக்கு மேல போனா குக்கி உதிருது.

சட்டியைப் பெங்களூருக்கு எடுத்துட்டுப் போகட்டுமான்னு கேட்டேன். "அப்ப கடலை எதுல வறுக்கறது?"ன்னு திரும்பக் கேட்டுச்சு.

உங்க வீட்லயும் இந்த மாதிரி அடிச்ச சட்டி, அரிவாள், தோசைக்கல்லு ஏதாவது இருந்தா, எந்தச் சந்தைல வாங்கினது, யாரு செஞ்சதுன்னு வீட்ல பெரியவங்களைக் கேட்டு வாய்ஸ் நோட் அனுப்புங்க. பேரு ஞாபகம் இருந்தா பேரோட அனுப்புங்க. அடுத்த வாரம் பாக்கலாம்.